வீட்டுப் பெரியவருக்குச் சில நாள் மாற்றுப் பராமரிப்பு: கடலூர், புதுச்சேரியில் ஏற்பாடு செய்ய முழு வழிகாட்டி

படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரையோ, மறதி நோய் வந்த அப்பாவையோ வருடக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நாள் கட்டாயம் வீட்டை விட்டு நகர வேண்டி வரும். மகளின் பிரசவமாக இருக்கலாம், தன் கண்புரை ஆபரேஷனாக இருக்கலாம், உடன்பிறந்தவர் வீட்டுக் கல்யாணமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், பத்து நாள் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்ற நிலையும் வரும். அதுவும் நியாயமான காரணம்தான், யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அந்த நாட்களில் பெரியவரை யார், எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதற்கான வழிமுறை இது. இப்படிப்பட்ட ஏற்பாடுகள் கெட்டுப்போன இடங்களில் பெரும்பாலும் வந்த ஆள் மோசமானவராக இருக்கமாட்டார். வீட்டில் பார்த்துக்கொள்பவரின் தலைக்குள் மட்டுமே இருந்த சிறுசிறு விவரங்கள் அவருக்குச் சொல்லப்படாமலே போயிருக்கும். அதனால் ஆள் தேடுவதைவிட ஒப்படைப்பதைப் பற்றியே இங்கே அதிகம் எழுதியிருக்கிறோம்.

ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்

முதல் இரண்டு வாரம் விசாரிக்க, மூன்றாவது வாரம் டாக்டரைப் பார்த்து மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க, நான்காவதும் ஐந்தாவதும் ஒத்திகைக்கு, ஆறாவது வாரம் பொருட்களைச் சேர்க்க. அவசரத்தில் நாலே நாளில் ஆள் பிடித்தால் ஒத்திகைதான் முதலில் விட்டுப்போகும். அது இல்லாமல் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

தேதியில் கை வைக்க முடிந்தால் சில வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் ஆள் தேடுவார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நம் கரையில் மழையும் புயலும். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறது.

எந்த வகை பொருந்தும்

முதலில் பெரியவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை உள்ளபடி எழுதிப் பாருங்கள். தானாக எழுந்து பாத்ரூம் போகிறார், சாப்பாடும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றால் உறவுக்காரர் ஒருவர் வந்து தங்கினாலே சமாளிக்கலாம். டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது என்றால் பழகிய கேர்டேக்கர் வேண்டும். மூக்கு டியூப், யூரின் டியூப், இன்சுலின், சளி உறிஞ்சும் மெஷின், ஆறாத புண் ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும். “எல்லாம் செய்வாங்க மேடம்” என்று ஏஜென்சி சொல்வதை நம்பி கேர்டேக்கரிடம் டியூப் உணவை ஒப்படைக்காதீர்கள். டியூப் இடம் மாறியிருப்பது தெரியாமல் கஞ்சியை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும்.

மறதி நோய் இருப்பவருக்கு இடம் மாறுவதே பெரிய அதிர்ச்சி. முடிந்தவரை அவரை வீட்டிலேயே வைத்து ஆளை வரவழையுங்கள். அந்த ஆள் தமிழ் பேசுபவராக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெண்ணுக்குப் பெண்தான். எடை 70 கிலோவுக்கு மேல், எழுந்து நிற்கவும் முடியாது என்றால் ஒரே ஆள் தூக்கி இறக்க முடியாது. இரண்டாவது கை எங்கிருந்து வரும் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

இரவில் மூன்று நான்கு முறை எழுப்புபவராக இருந்தால், வீட்டோடு தங்கும் 24 மணி நேர ஆள் மூன்றாம் இரவோடு சோர்ந்துவிடுவார், அல்லது சொல்லாமல் கிளம்பிவிடுவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு 12 மணி நேர ஷிப்டாக இரண்டு பேர், அல்லது பகலுக்கு ஆள், இரவுக்கு உறவினர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சியிடம் பேசும்போது

நர்ஸ் என்றால் செவிலியர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். யாராக இருந்தாலும் ஆதார் நகலும், சொந்த ஊரில் ஒரு தொடர்பு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவரின் பின்னணியைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். அதற்கு நாளாகும் என்பதாலும்தான் ஆறு வாரம் என்றோம்.

பணம் பற்றிய பேச்சில் சண்டை வருவது தினக்கூலியில் இல்லை. பதிவுக் கட்டணம் திரும்பி வருமா? ஆள் பாதியில் போனால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள் வருவார்? வந்த நாளும் போகும் நாளும் முழு நாளா, அரை நாளா? பண்டிகை நாளுக்குக் கூடுதலா? சாப்பாடு யாருடையது? இந்த ஐந்துக்கும் பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வேலை எது, வேலை இல்லாதது எது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பெரியவரின் துணியை அலசுவது வேலை, குடும்பத்துத் துணியை அலசுவது வேலை இல்லை. வந்தவருக்குப் படுக்க இடமும் மின்விசிறியும் வேண்டும், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் அதே சாப்பாடு வேண்டும், பகலில் இரண்டு மணி நேரமாவது ஓய்வு வேண்டும். தனித் தட்டு வைத்து மீந்ததைப் போடும் வீட்டில் எந்த நல்ல ஆளும் தங்கமாட்டார். இதை உபசாரம் என்று நினைக்காதீர்கள், பெரியவரின் பாதுகாப்பே இதில் இருக்கிறது.

இல்லத்தில் சில நாள் விடுவதானால்

ஆதரவற்றோருக்காக நடத்தப்படும் இலவச இல்லங்கள் இதற்கானவை அல்ல. அங்கே இடம் கேட்பது உண்மையில் யாருமில்லாத ஒருவரின் இடத்தைக் கேட்பதாகும். கட்டணம் வாங்கிக் குறுகிய காலத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் இடமா என்பதுதான் முதல் கேள்வி. பல இடங்களில் குறைந்தபட்சம் 15 நாளோ ஒரு மாதமோ கட்டணம் கட்டச் சொல்வார்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, டாக்டர் வருகை இவையெல்லாம் கட்டணத்துக்குள்ளா வெளியிலா என்று கேளுங்கள்.

எங்கே விசாரிப்பது என்று தெரியாதவர்கள் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்குக் காலை 8 முதல் இரவு 8 வரை அழைக்கலாம், கட்டணம் இல்லை. கடலூரில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்து மாவட்ட சமூக நல அலுவலகத்திலும், புதுச்சேரியில் சமூக நலத்துறையிலும் பதிவு பெற்ற இல்லங்களைப் பற்றிக் கேட்கலாம்.

பார்க்கப் போகும்போது இரண்டு முறை போங்கள். ஒரு முறை சொல்லிவிட்டு, இன்னொரு முறை சொல்லாமல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில். வரவேற்பறையில் உட்கார்ந்து பேசித் திரும்பிவிடாமல், படுத்திருப்பவர்களின் அறைக்குள் போய்ப் பாருங்கள். மூத்திர வாடை அடிக்கிறதா, குடிக்கத் தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, ஊட்டிவிடுபவர் விழுங்கும்வரை காத்திருக்கிறாரா? பாத்ரூமில் கைப்பிடியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வேண்டும், தரை ஈரமாக இருக்கக் கூடாது. பிறகு கேட்க வேண்டியது: இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? படுத்தவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவதைக் குறித்து வைக்கிறார்களா, அந்தத் தாளைக் காட்ட முடியுமா? நடு இரவில் மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில்? தூங்குவதற்கு மாத்திரை கொடுக்கும் வழக்கம் உண்டா, யாரைக் கேட்டுக் கொடுக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் இடத்தை விட்டுவிடுங்கள்.

அவர்களும் உங்களிடம் ஆதார், இரண்டு தொடர்பு எண்கள், திரும்பி அழைத்துப்போகும் தேதி எல்லாம் எழுதிக் கேட்பார்கள். கேட்பது சரிதான். 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பெரியவரைக் கைவிட்டுப் போவதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

கடலூரில் இருப்பவர்கள் புதுச்சேரி இல்லத்தில் விட்டால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லை தாண்டிவிட்டால், தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் அங்கே வராது. அந்தத் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வாங்குபவராக இருந்தால், அல்லது அதன் ஆதரவுச் சிகிச்சை நர்ஸ் வீட்டுக்கு வருபவராக இருந்தால், போகும் தேதியையும் வரும் தேதியையும் அவர்களிடம் சொல்லி மாத்திரையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். 70 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஆயுஷ்மான் அட்டை இருந்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் உதவும், ஆனால் இல்லத்துக் கட்டணத்துக்கு அது பொருந்தாது. ஜிப்மரிலோ மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையிலோ பார்த்துவந்தவர் என்றால் பழைய சீட்டுகள் அனைத்தின் நகலும் கூடவே போக வேண்டும்.

ஒப்படைப்பு நோட்டு

ஒரு 80 பக்க நோட்டு போதும். வீட்டில் பார்த்துக்கொள்பவர் உட்கார்ந்து ஒரே நாளில் எழுத முடியாது. ஒரு வாரம் சமையலறையில் நோட்டை வைத்து, என்ன செய்கிறாரோ அதைச் செய்யும்போதே குறிக்க வேண்டும். யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும், கை பழகிய வேலை மனதுக்குத் தெரியாது.

முதல் பக்கத்தில் பெயர், வயது, எடை, நோய்கள், ஒவ்வாமை, எந்தக் காது கேட்கும், பல்செட் உண்டா, யாருக்கு எந்த எண்ணில் போன் செய்வது. இரண்டு எண்களில் ஒன்று அரை மணி நேரத்தில் நேரில் வரக்கூடிய உள்ளூர்க்காரருடையதாக இருக்கட்டும். நீங்கள் எட்டாத இடத்தில் இருந்தால் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான். ஐ.சி.யு., வென்டிலேட்டர் பற்றிக் குடும்பத்தின் முடிவு என்ன என்பதை அவரிடம் முன்பே பேசிவிடுங்கள். கஷ்டமான பேச்சு, ஆனால் நள்ளிரவில் போனில் பேச வேண்டிய பேச்சு இல்லை.

இரண்டாவது பக்கம் மருந்து. நேரவாரியாக, பிராண்ட் பெயர், உள்ளிருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மி.கி., சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. ஒவ்வொன்றையும் “எதற்கு” என்று ஒரு வார்த்தையில் எழுதுங்கள். பார்க்கின்சன் மாத்திரைக்கும் வலிப்பு மாத்திரைக்கும் பக்கத்தில் சிவப்பில் “நேரம் தவறக் கூடாது” என்று எழுதுங்கள். பார்க்கின்சன் மாத்திரை தாமதமானால் உடம்பு விறைத்து விழுங்கவே முடியாமல் போகும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருக்கும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். டியூபில் கொடுப்பவர்கள் இதற்கு மாற்று மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். மாத்திரைகளை அட்டையோடு கொடுங்கள், உதிர்த்துப் போட்டால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கும் நாட்களுக்கு மேல் ஐந்து நாள் மருந்து கூடுதலாக இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்சுலின் போடுபவருக்கு எந்த வேளை எத்தனை யூனிட், எந்த மருந்து, போட்டபின் எத்தனை நிமிடத்தில் சாப்பாடு என்று தெளிவாக இருக்கட்டும். “சாப்பிட மறுத்தால் ஊசி போடும் முன் போன் செய்யவும்” என்ற வரி அவசியம். சுகர் 70-க்குக் கீழே போனால், விழிப்போடு விழுங்கக் கூடியவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். திறந்த இன்சுலின் குப்பியில் திறந்த தேதியை எழுதுங்கள், பெரும்பாலான வகைகள் 28 நாள்தான்.

மூன்றாவது பக்கம் சாப்பாடு. “இட்லி சாப்பிடுவார்” என்று எழுதினால் போதாது. இரண்டு இட்லி, சாம்பாரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, சின்ன ஸ்பூனில், நிமிர்த்தி உட்கார வைத்து, முழுதாக 25 நிமிடம். தண்ணீர் குடித்தால் இருமுகிறார் என்றால் அதை எழுதுங்கள், கஞ்சி போலக் கெட்டியாக இருப்பவைதான் அவருக்குப் பாதுகாப்பு. டியூப் உணவு என்றால் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி., வடிகட்டியது, முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். முடிந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் எழுதப்பட வேண்டும்.

நான்காவது பக்கத்தைப் பலரும் எழுதுவதே இல்லை. பெரியவரின் பழக்கங்கள். விடியற்காலை காப்பி பித்தளை டம்ளரில் கொடுத்தால்தான் குடிப்பார். குளிக்கச் சொன்னால் மறுப்பார், “வெந்நீர் ஆறிடும்பா” என்றால் வருவார். சாயங்காலம் ஆறு மணிக்கு “வீட்டுக்குப் போகணும்” என்று வாசலுக்கு நடப்பார், அப்போது தடுக்காமல் கூடவே நாலு அடி நடந்து பேச்சை மாற்ற வேண்டும். வலியை வாயால் சொல்லமாட்டார், புருவத்தைச் சுருக்குவார். வள்ளலார் பாட்டு போட்டால் அமைதியாவார். புது ஆளுக்கும் பெரியவருக்கும் முதல் நாள் மோதல் வராமல் காப்பது இந்தப் பக்கம்தான்.

கடைசிப் பக்கத்தில் எப்போது போன், எப்போது 108. எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லை, மூன்று நாள் மலம் இல்லை, காய்ச்சல் 100.4-ஐத் தாண்டியது, சாப்பிட மறுக்கிறார் என்றால் போன். திடீரென்று வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் முதலில் 108, பிறகு போன். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பொருட்கள்

டயப்பர் நாளைக்கு நாலு என்றால் ஏழு நாளுக்கு 28, வயிற்றுப்போக்கு வந்தால் தாங்க 35 கொடுங்கள். விரிப்பு ஷீட் நாளைக்கு இரண்டு. உடுப்பு ஆறு செட், முன்பக்கம் திறக்கும் நைட்டி அல்லது தளர்ந்த சட்டை, வேட்டி, ஒவ்வொன்றிலும் பெயர். கண்ணாடி, காது மெஷின், அதன் பேட்டரி, பல்செட் டப்பா. பழைய தலையணையும் போர்வையும் வீட்டிலிருந்தே போகட்டும், புது இடத்தில் பழகிய வாசனை உதவும். மூக்குத்தி, தோடு கழற்ற மாட்டேன் என்றால் போட்டோ எடுத்துப் பட்டியலில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.

மழைக்காலம் என்றால்

2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கடலூரைச் சுருட்டிப்போட்டபின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் ஏர் பெட்டின் பம்ப் கரண்ட் போய் நின்றால் மெத்தை காற்றிறங்கி, உடம்பு கட்டில் பலகையில் அழுந்தும், சில மணி நேரத்திலேயே இடுப்பும் குதிகாலும் சிவக்கும். ஏர் பெட்டுக்கு அடியில் நல்ல ஃபோம் மெத்தை கட்டாயம் வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரி இன்வர்ட்டரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான் ஓடும். நிரம்பிய பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டரில் சுமார் 12 மணி நேரம் வரும், ஒன்றாவது கையிருப்பில் இருக்கட்டும். தாழ்வான தெருவில் வீடு என்றால் புயல் எச்சரிக்கை வந்ததுமே எந்த வீட்டுக்கு, யார் வண்டியில் மாறுவது என்று நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

ஒத்திகை

முதலில் நாலு மணி நேரம். நீங்கள் வீட்டிலேயே இருந்து, ஆனால் கை வைக்காமல், ஒரு சாப்பாடும் ஒரு டயப்பர் மாற்றமும் பாருங்கள். அடுத்து ஒரு பகல் முழுதும் வெளியே. பிறகு ஓர் இரவு. இரவுதான் உண்மையான பரீட்சை: பெரியவர் எழுந்திருப்பதும், ஆள் அயர்ந்து தூங்குவதும் அப்போதுதான் தெரியும். இல்லம் என்றாலும் ஒரு நாள் ஓர் இரவு தங்க வைத்துப் பார்க்கக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஆள் கேட்ட கேள்விகளை நோட்டில் சேருங்கள், அவை நீங்கள் எழுத மறந்தவை.

பெரியவரிடம் சொல்வது

“டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்” என்று பொய் சொல்லிக் கொண்டுபோய் விடாதீர்கள். அடுத்த முறை காரில் ஏறவே மாட்டார். புத்தி தெளிவாக இருப்பவரிடம் ஒரு வாரம் முன்பே காரணத்தையும் திரும்பும் தேதியையும் சொல்லி, தினசரிக் காலண்டரில் அந்தத் தாளில் வட்டம் போட்டுக் கொடுங்கள். “அத்தை, வெள்ளிக்கிழமை காலையில நான் வந்துடுவேன்” என்று நாளைச் சொல்லுங்கள், “சீக்கிரம் வரேன்” என்பது அவருக்குப் பயத்தைத்தான் தரும். மறதி நோயாளிக்கு முன்கூட்டிச் சொன்னால் அந்தக் கவலை மட்டும் தங்கும். அன்று காலை சொன்னால் போதும்.

கொண்டுபோய் விடுவது வார நாளில், காலை பத்து மணிவாக்கில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. ஞாயிற்றுக்கிழமை ஊழியர் குறைவு, சாயங்காலம் குழப்பம் அதிகம். படுத்தே போக வேண்டியவருக்குத் தனியார் ஆம்புலன்ஸ் பேசுங்கள், 108 அவசரத்துக்கு மட்டும்தான். விட்டுவிட்டு உடனே கிளம்பாமல், ஒரு சாப்பாடு முடியும்வரை இருங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் ஒரு போன் போதும். “நல்லா இருக்காங்களா?” என்று கேட்டால் “நல்லா இருக்காங்க” என்றுதான் வரும். என்ன சாப்பிட்டார், எவ்வளவு மிச்சம், யூரின் எத்தனை முறை, மோஷன் போச்சா, இரவு எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேளுங்கள்.

திரும்பி வந்ததும்

அன்றே ஒரு தடவை குளிப்பாட்டி, உடம்பு முழுக்கப் பாருங்கள்: இடுப்பின் பின்பக்கம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, காது மடல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். எடை பாருங்கள். மீதி மாத்திரைகளை எண்ணுங்கள், கணக்கு இடித்தால் எந்த மருந்து, எத்தனை என்று கேளுங்கள். முன்பில்லாத அளவு தூக்கக் கலக்கம், தொட்டால் பதறுவது, திடீர் உளறல் இருந்தால் “இடம் மாறினதால” என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ, புதிதாகக் கொடுத்த மாத்திரையோ காரணமாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வந்த ஆள் நன்றாகப் பார்த்திருந்தால் அவரோடு உட்கார்ந்து நோட்டைத் திருத்தி, மூன்று மாதத்துக்குள் அடுத்த நாலு நாளுக்கான தேதியை அப்போதே பேசிவிடுங்கள்.